சிப்பிகள் வாய் திறந்த சாயங்காலம்

எழுபதுகளின் நடுவில், கல்யாணமாகி நான் சைதாப்பேட்டைக்குக் குடிவந்த பிறகு வந்த முதல் காணும் பொங்கல் அன்று நடந்தது இது. இடம், அடையாறு கடலில் போய்ச் சேருகிற முகத்துவாரம்.

சென்னையில் காணும் பொங்கல் என்றால் கடற்கரைக்குப் போயே ஆக வேண்டும். யார் போட்ட சட்டமோ தெரியாது. எங்கள் தெருவில் விடிந்ததிலிருந்தே புளிச்சோறு கிளறுகிற வாசனை. லாரியிலும் மாட்டு வண்டியிலும் கரும்பும் பிள்ளைகளுமாக ஜனங்கள் மெரினாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டினால் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். படித்தது ஏழாம் வகுப்பு. அந்தக் கூட்டத்தில் தொலைந்துபோனால் யாரைப் போய் என்னவென்று கேட்பேன்? காலையிலிருந்து இதையே நினைத்துக் கடைசியில் அழுதே விட்டேன்.

என் வீட்டுக்காரர் கிண்டியில் லேத் பட்டறையில் வேலை பார்த்தார். பிறந்து வளர்ந்தது எல்லாம் சைதாப்பேட்டையில், ஆற்றங்கரைத் தெருவில். கல்யாணமாகி ரெண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் பேசுவார், நான் தலையாட்டுவேன், அவ்வளவுதான் எங்களுக்குள் அதுவரை நடந்த பேச்சு. நான் அழுவதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மெரினா வேணாம்னா வுடுமே, அதுக்கு இன்னாத்துக்கு அழுவுற? கூட்டமே இல்லாத எடம் ஒண்ணு கீது. நம்ம ஆறு போயி கடல்ல சேர்ற எடம். சொகமா குந்திக்கினு துன்னுட்டு வரலாம்."

"ஆழமா இருக்குமாங்க?"

"நம்ம ஆறுமே அது! நம்ம தெருக் கோடியில எருமை நடந்து அக்கரைக்குப் போவுது, பாத்ததில்ல?"

அவருக்கு ஆறு என்றால் சைதாப்பேட்டைப் பாலத்துக்கடியில் ஓடுகிற ஆறுதான். மேற்கே இருந்து வரும், கிழக்கே போகும். எனக்கு ஆறு என்றால் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பாலாறு. அதில் மணலைத் தோண்டினால்தான் தண்ணீர். இப்படி ரெண்டு பேரும் ஆறு என்றால் என்னவென்று தெரியும் என்கிற நினைப்பில்தான் கிளம்பினோம்.

சாந்தோமில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மொத்த ஜனமும் ஒரு பக்கம் போக, நாங்கள் மட்டும் எதிர்ப்பக்கம் நடந்தோம். அவர் புதுசாகத் தைத்த பெல்பாட்டம் போட்டிருந்தார். மணலில் அது புரளக்கூடாது என்று ரெண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். மீனவர் குப்பத்தில் வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ஆறு தெரிந்தது. அத்தனை அகலமான ஆற்றை நான் பார்த்ததே இல்லை. ஆனால் தண்ணீர் கம்மி. வெயிலில் தகடு மாதிரி மின்னிக்கொண்டு, மணல் திட்டுகளுக்கு நடுவே எங்கெங்கோ வழிந்து, தூரத்தில் கடலின் வெள்ளைக் கோட்டில் போய் முடிந்தது.

ஆற்றுக்குள் தனியாக ஒரு கல்மேடை நின்றது. எந்தக் காலத்திலோ படகு கட்டுவதற்காகக் கட்டியது போல. ஒரு பக்கம் படிகள். மேலே ரெண்டு மூன்று பேர் படுக்கலாம்.

"அங்க போயி குந்தலாம், வா," என்றார்.

நடந்தே போனோம். கணுக்கால் அளவுத் தண்ணீர். ஒரே ஒரு இடத்தில் முழங்கால் வந்தது. மேடையின் பக்கச்சுவர் முழுக்கச் சொரசொரவென்று இருந்தது. தோசைக்கல் ஓரத்தில் மாவு காய்ந்து பொரிந்து நிற்குமே, அந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகச் சின்னச் சின்ன ஓடுகள், கல்லோடு கல்லாக ஒட்டியிருந்தன. அதற்குக் கீழே கறுத்துப்போன பெரிய சிப்பிகள், விளிம்பெல்லாம் கத்தி மாதிரி. எல்லாம் இறுக மூடிக் கிடந்தன. எப்போதோ செத்து ஒட்டிக்கொண்டவை என்று நினைத்தேன்.

மேலே ஏறி இலை விரித்துச் சாப்பிட்டோம். புளிச்சோறு, வடை, ஆளுக்கொரு துண்டு கரும்பு. அவர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். பட்டறையில் வாரமெல்லாம் நின்றுகொண்டே வேலை செய்கிறவர், படுத்தால் அப்படித்தான்.

நான் தூங்கவில்லை. தெரியாத இடத்தில் எனக்குத் தூக்கம் வராது. ஆனால் அந்த மத்தியானத்தை இப்போது நினைத்தால் நான்தான் தூங்கிக் கனவு கண்டேனோ என்று இருக்கிறது. கடல் சத்தம் தூரத்தில் யாரோ மூச்சு விடுவது போல வந்துகொண்டே இருந்தது. மணல் திட்டில் குச்சி குச்சியான காலோடு வெளிர் சிவப்பில் சில பறவைகள் நின்றன. அவை தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, வளைந்த மூக்கால் இப்படியும் அப்படியும் அலசிக்கொண்டே நடந்தன. எங்கள் வீட்டில் அரிசி களைகிற கை மாதிரி. எதையும் துரத்தவில்லை, எதையும் கொத்தவில்லை. சும்மா தண்ணீரை அலசின. இதில் என்னத்தைச் சாப்பிடுகின்றன என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நாங்கள் சாப்பிட்டுப் போட்ட இலை தண்ணீரில் மெல்லக் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. நானும் அது போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் அது நின்றுவிட்டது. ஏதோ யோசிப்பது போல ஒரே இடத்தில் வெகுநேரம் நின்றது. பிறகு திரும்பி எங்களைப் பார்த்து வந்தது. மேடையைத் தாண்டி, சைதாப்பேட்டைப் பக்கமே போயிற்று.

அவரை எழுப்பினேன்.

"என்னங்க, ஆறு திரும்பி வருதுங்க."

துண்டை எடுக்காமலே சொன்னார். "ஆறு எங்கியாவது திரும்பி வருமா? வெயில்ல கண்ணு பூத்துப் போச்சு உனுக்கு. சொம்மா படு."

நான் சொல்வதை யாரும் எடுத்துக்கொள்ளாமல் இருப்பது எனக்குப் பழகிப்போன விஷயம். "அவளுக்கு எல்லாத்துக்கும் பயம்" என்று எங்கள் வீட்டில் சின்ன வயசிலேயே ஒதுக்கிவிட்டார்கள். பயந்தாங்கொள்ளி சொல்கிற பத்து விஷயத்தில் ஒன்று நிஜமாகவே இருந்தால்கூட யார் காதில் விழும்?

அவர் தானாக எழுந்தபோது பறவைகள் இல்லை. மணல் திட்டுகளும் இல்லை. நாங்கள் நடந்து வந்த வழி முழுக்கத் தண்ணீர். சத்தமே இல்லாமல், நுரைகூட இல்லாமல், கடல் ஆற்றுக்குள் ஏறி வந்துகொண்டிருந்தது. படிகளில் பாதி மூழ்கிவிட்டன.

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனாலும் விடவில்லை. "இன்னா, இடுப்பு வரிக்கும் வரும். எனுக்கு நீச்சல் தெரியும். மொதல்ல நான் எறங்கிப் பாத்துட்டு உன்னிய கூட்டிக்கினு போறேன்," என்று பெல்பாட்டத்தை மடித்துக்கொண்டு இறங்கினார்.

கடைசிப் படியிலிருந்து காலை எடுத்து வைத்ததும் மார்பு வரை போய்விட்டார். மேலே கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் அடியில் அப்படி இழுக்கும் என்று யார் கண்டது? அவரைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போனது. தலை ஒரு தடவை உள்ளே போய் வெளியே வந்தது. நான் படியில் இறங்கிப் புடவை முந்தானையை விசிறினேன். அது எட்டவில்லை. நல்லவேளை, தண்ணீரே அவரை மேடைச் சுவரில் கொண்டுவந்து மோதியது. சிப்பிகளைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். எனக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ. மேலே வந்து விழுந்தார். ஒரு உள்ளங்கையும் ஒரு பாதமும் வெங்காயம் நறுக்கியது போலக் கிழிந்திருந்தன. முந்தானையைக் கிழித்துக் கட்டினேன்.

கரையில் ஒரு ஆள் இல்லை. குப்பமே காணும் பொங்கலுக்குப் போயிருக்கும். கூவிக் கூவித் தொண்டை கட்டிப்போயிற்று. கடல் சத்தத்தில் எங்கள் சத்தம் எடுபடவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் மறுபடி எழுந்து நின்றார். "இங்கியே குந்தினா மேடை முழுவிடும். முழுவறதுக்குள்ள எப்பிடியாவது போயிடணும். இப்ப வுட்டா அப்புறம் முடியாது," என்றார்.

நான் அப்போது குப்புறப் படுத்து, மேடை விளிம்பிலிருந்து தலையைக் கீழே தொங்கவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. பயம் வந்தால் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எனக்குப் பயம் எங்கே இருக்கிறதோ அங்கேயேதான் கண் போகும்.

அங்கே நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? செத்தது என்று நினைத்த அந்த வெள்ளை ஓடுகள், தண்ணீர் தொட்டதும் ஒவ்வொன்றாகத் திறந்தன. உச்சியில் ஒரு சின்னக் கதவு விலகும். உள்ளேயிருந்து மயிரிழை மாதிரி விரல்கள் விசிறியாக விரியும். தண்ணீரை ஒரு பிடி பிடித்துக்கொண்டு உள்ளே போகும். மறுபடி விரியும். பிறந்த குழந்தை தூக்கத்தில் விரலை மடக்கி விரிக்குமே, அப்படி. ஒன்றல்ல, ரெண்டல்ல, சுவர் முழுக்க. அதற்கும் கீழே பெரிய சிப்பிகள் நூல் அளவுக்கு வாயைத் திறந்திருந்தன. கலங்கலாக வந்த தண்ணீரில் துகள் துகளாக என்னென்னவோ மிதந்து அந்த வாய்க்குள் போயிற்று. மத்தியானமெல்லாம் வெயிலில் வறண்டு, இந்தத் தண்ணீருக்காக வாயை மூடிக்கொண்டு காத்திருந்திருக்கின்றன. நாங்கள் எதற்காக நடுங்கினோமோ அதில்தான் அவற்றுக்குச் சோறு வந்துகொண்டிருந்தது.

என்னையறியாமல் என் மூச்சு அந்த விரல்களோடு சேர்ந்துகொண்டது. விரியும்போது உள்ளே, மடங்கும்போது வெளியே. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ. அப்போதுதான் கண்ணில் பட்டது. வெள்ளை ஓடுகள் மேடை உச்சி வரைக்கும் இல்லை. ஒரு முழத்துக்குக் கீழேயே, கோடு கிழித்தது போல நின்றுவிட்டன. கோட்டுக்கு மேலே வெறும் கல். ஒன்றுகூடக் கிடையாது.

அவர் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார். நான் எழுந்து அவர் சட்டையைப் பின்னாலிருந்து ரெண்டு கையாலும் பிடித்தேன்.

"வேணாங்க. போவாதீங்க."

அதுவரைக்கும் அவரிடம் நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"வுடுமே, மெர்சலாவாத."

"தண்ணி இங்க வரைக்கும் வராதுங்க. இதுங்களப் பாருங்க. தண்ணி வந்தாதான் இதுங்களுக்குத் தீனி. மேல வரைக்கும் தண்ணி வரும்னா மேலயும் ஒட்டிக்கினு இருக்குமில்ல? ஏன் இங்கயே நின்னுடுச்சு?"

"இன்னாமே சொல்ற? கிளிஞ்சல நம்பி குந்த சொல்றியா? ஏழாங்கிளாஸ் படிச்சிட்டு நீ எனுக்கு ஜோசியம் சொல்றியா?"

"நீங்க எறங்கினா நானும் பின்னாடியே எறங்குவேன்."

அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. தனியாக மேடையில் நிற்க எனக்குத் தைரியம் கிடையாது, அவ்வளவுதான். அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். நான் சொன்னது சரியா என்று எனக்கே அப்போதும் தெரியாது. உள்ளுக்குள் நூறு கேள்வி. பௌர்ணமிக்குக் கடல் அதிகமாகப் பொங்கும் என்பார்களே, இன்று பௌர்ணமி ஆயிற்றே. இந்த ஓடுகளுக்கே தெரியாத தண்ணீர் ஒன்று வந்தால்? அவரை நானே உட்காரவைத்துச் சாகடிக்கிறேனோ?

அவர் காலைப் படியிலிருந்து எடுத்தார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் காத்திருந்ததுதான். கடலுக்கு மேலே நிலா எழும்பியது, பெரிதாக, மஞ்சள் பூசினது போல. பின்னால் மயிலாப்பூர்ப் பக்கம் வானம் இன்னும் சிவந்திருந்தது. ரெண்டு வெளிச்சத்துக்கும் நடுவில், நாலு பக்கமும் தண்ணீராக, நாங்கள் ரெண்டு பேர். மேடையே நகர்ந்து எங்கேயோ போவது போல இருந்தது. அவரும் குப்புறப் படுத்துக்கொண்டார். தலையும் தலையும் ஒட்டிக்கொண்டு கீழே பார்த்தோம். அவர் கட்டுப்போடாத கையின் விரலை நீட்டி ஒரு ஓட்டைத் தொட்டார். படக்கென்று கதவை மூடிக்கொண்டது.

"அட, கோவத்தப் பாரேன்," என்றார். சிரித்தார். கொஞ்சம் கழித்து, "எனுக்கு நீச்சல் தெரியாதுமே," என்றார்.

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"தலை உள்ள போனப்ப பாத்தேனே."

அதற்கும் சிரித்தார். அப்புறம் என்னென்னவோ பேசினோம். பட்டறையில் மெஷின் பக்கம் போகும்போதெல்லாம் விரல் போய்விடுமோ என்று தனக்கும் பயம்தான் என்றார். யாரிடமும் சொன்னதில்லையாம். கண்ணை மட்டும் நாங்கள் ரெண்டு பேரும் அந்தக் கோட்டிலிருந்து எடுக்கவில்லை. தண்ணீர் ஏறியது. கடைசி வரிசைக்கு முந்தைய வரிசை திறந்தது. கடைசி வரிசையில் ஒரே ஒரு ஓடு மற்றதைவிடச் சற்று மேலே தனியாக இருந்தது. ஒரு சின்ன அலை வந்து அதையும் நனைத்துவிட்டுப் போனது. அதன் கதவு விலகி, விரல்கள் வெளியே வந்து, நிலா வெளிச்சத்தில் ஒரு தடவை விரிந்து மடங்கின. அவர் என் கையை அழுத்திப் பிடித்தார். நான் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் அங்கேயே தளும்பிக்கொண்டு நின்றது. அதைத் தாண்டவில்லை.

கொஞ்ச நேரத்தில் குப்பத்துப் பக்கமிருந்து ஒரு கட்டுமரம் வந்தது. வலை போட வந்தவர். நடுத்தர வயசு, தலையில் முண்டாசு. தண்ணீருக்கு நடுவில் எங்களைப் பார்த்ததும் துடுப்பை நிறுத்தினார்.

"யார்ரா அது? இன்னா நைனா, கண்ணாலம் கட்டிக்கினு குடித்தனம் வெக்க இந்த எடம்தான் கெடச்சுதா? வாடகை கம்மியா?"

என் வீட்டுக்காரர் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் நடந்ததைச் சொன்னேன். அழுகையும் சிரிப்புமாக வந்தது.

"எந்த ஏரியா நீங்க?"

"சைதாப்பேட்டைங்க."

"அதான பாத்தேன். அங்க கீற ஆறு வேற, இங்க கீற ஆறு வேறம்மா. பேர்தான் ஒண்ணு," என்று என்னை முதலில் ஏற்றிக்கொண்டார். என் வீட்டுக்காரரின் கால்கட்டைப் பார்த்துவிட்டு, "சிப்பி மேல கால வெச்சா அறுக்காம முத்தமா குடுக்கும்?" என்று ஒரு போடு போட்டார்.

கரை சேர்ந்ததும் நான் கட்டுமரக்காரரிடம் அந்தக் கோட்டைப் பற்றிக் கேட்டேன். கேட்காமல் என்னால் இருக்க முடியாதே. மேடை மூழ்கவே மூழ்காதா என்றேன். "தை மாசத்துல முழுவாது," என்றார். "கார்த்தியில வெள்ளம் வந்தா மேடை இருக்கற எடமே தெரியாது." சொல்லிவிட்டுக் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். நான் அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் கணக்கு அன்றைய தண்ணீருக்குத்தான் சரி. ரெண்டு மாதம் முன்னால் வந்திருந்தால், அதே கோட்டைக் காட்டி அதே தைரியத்தோடு என் வீட்டுக்காரரை உட்காரவைத்திருப்பேன்.

பஸ்ஸில் மெரினாவிலிருந்து திரும்பும் கூட்டம். அத்தனை நெரிசலிலும் எனக்கு அன்று பயம் தெரியவில்லை. அவர் நொண்டிக்கொண்டே எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். வீட்டில் மாமியார், பெல்பாட்டம் கிழிந்ததற்கும் கால் கிழிந்ததற்கும் சேர்த்துத் திட்டினார். ஆறு திரும்பி வந்ததைச் சொன்னோம். நம்பவில்லை.

வெகு காலம் கழித்து, கல்லூரியில் படித்த என் மகள்தான் அந்த ஓடுகளுக்குக் கொட்டலசு என்று பேர் என்றும், அவையும் சிப்பிகளும் தண்ணீரைச் சலித்து அதில் உள்ள துகளைச் சாப்பிட்டு உயிர் வாழ்கின்றன என்றும் சொன்னாள். ஒட்டின இடத்தை விட்டு அவை நகரவே முடியாதாம். வருகிற தண்ணீரில் என்ன வருகிறதோ அதுதான் சாப்பாடு. நான் ரவை சலிக்கும்போதெல்லாம் அந்த விரல்கள் ஞாபகத்துக்கு வரும். கை நின்றுவிடும்.

பயம் எனக்கு இன்றைக்கும் போகவில்லை. பேரன் வர அரைமணி தாமதமானால் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறேன். ஆனால் அந்தச் சாயங்காலத்துக்கு முன் என் பயம் எனக்குள்ளேயே கிடந்து புழுங்கிக்கொண்டிருந்தது. பின்னால் அவர் இருந்த காலம் வரைக்கும், எதைச் செய்வதற்கு முன்னும் "நீ இன்னா நெனைக்கிற?" என்று ஒரு தடவை என் முகத்தைப் பார்ப்பார். நான் சொன்னது எல்லாமே சரியாக இருந்ததில்லை, அன்று சொன்னதே பாதிதான் சரி. அப்படியிருந்தும், உயிர் போகிற நேரத்தில் ஒரு மனிதர் என் பேச்சைக் கேட்டு, படியில் வைத்த காலை எடுத்து, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாரே, எத்தனை வருஷம் ஆனாலும் என்னைத் தாங்கிக்கொண்டிருப்பது அதுதான்.